இரண்டாவது குழாய்

மதிய வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைப் போர்வையில் கோடுகோடாக இழுத்துப் போட்டிருக்கிறது. ரத்தம் எடுக்கும் பெண் கட்டிலோரம் தட்டை வைக்கிறாள். அதில் காலிக் குழாய் உருண்டு கிணுகிணுக்கிறது. மூளையில் புற்றுக்கட்டியோடு படுத்திருக்கும் இந்த மனிதரிடம் காலையிலேயே அவள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. கட்டி வளர்கிறதா என்று ரத்தத்திலேயே தடம் பார்க்கும் சோதனை. ஒரு மணி நேரத்துக்குள் குழாயை இயந்திரத்தில் சுழற்றியிருக்க வேண்டும். தோழி தன் குழந்தை தவழும் வீடியோவைப் போனில் காட்ட, பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில், குழாய் கோட்டுப் பையிலேயே கிடந்து வீணாகிவிட்டது.

“காலையில எடுக்க மறந்துபோச்சு சார்,” என்கிறாள். சாப்பிட்டதையே மறந்துவிடுகிற மனிதர்தானே என்ற தைரியம். காலையில் குத்திய இடது கையை விட்டுவிட்டு வலது கையைப் பிடிக்கிறாள். நரம்பு நழுவுகிறது. இரண்டாம் முறை குத்தும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார், கையை மட்டும் இழுக்கவில்லை. குழாய் மெல்ல நிறைகிறது.

“பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க சார்.”

அவருடைய இடது கை குறுக்கே வருகிறது. சட்டைக்கை மேலேறுகிறது. முழங்கை மடிப்பில், காலையில் அவளே ஒட்டிய பிளாஸ்திரி. அவர் அதைப் பார்க்கிறார். பிறகு அவளைப் பார்க்கிறார். முகம் மலர்ந்துவிடுகிறது.

“அட, உனக்கும் மறதியாம்மா? நான் ஒருத்தன்தான்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அவள் தலை நிமிரவில்லை. காது மடல் எரிகிறது. மூடிய உள்ளங்கைக்குள் குழாய் இன்னும் அவருடைய சூட்டோடு இருக்கிறது.