தேர்க் கூட்டத்தில் ஒருவன்

ஜப்பான்காரன் போட்ட குண்டுக்குப் பயந்து ஓடிய சனங்கள் திருகோணமலைக்குத் திரும்பத் தொடங்கியதும் படக் கொட்டகையைத் திறந்தார்கள். இரவில் வெளிச்சம் காட்டத் தடை என்பதால் பகற்காட்சி மட்டும்தான். இரத்தினேஸ்வரி பாட்டுக் கேட்கத்தான் போனாள். முன்பெல்லாம் புதுப்படம் வந்தால் கணவன் ஞானசேகரத்தோடு போவாள். அவன் துறைமுகத்தில் குண்டுபட்டு இறந்து நாலு மாதமாகியிருந்தது.

படத்தில் ஒரு தேர்த் திருவிழா வந்தது. வடம் பிடித்த கூட்டத்தில் ஞானசேகரம் நின்றான். அது சண்டை தொடங்குமுன் சென்னையில் எடுத்த படம். அவன் கடல் தாண்டியதே இல்லை.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். அவன் அதே இடத்தில் நின்றான். வீட்டில் சமைக்கவும் சாப்பிடவும் அவளுக்கு மறுபடி மனம் வந்தது.

படம் மாறுவதற்கு முதல்நாள், ஞானசேகரத்தின் தங்கை திலகவதியையும் கூட்டிக்கொண்டு போனாள். தேர் வந்தது. அன்றைக்கு அவன் பக்கத்தில் ஒரு பெண் ஒட்டி நின்று, காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இரத்தினேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன்ரை அண்ணையோடை நிக்கிறவள் ஆரடி?"

திலகவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன மச்சாள் கேக்கிறியள்? அது நீங்களெல்லோ!"

கூட்டம் நகர்ந்தது. அந்த இருவரும் தேரோடு சேர்ந்து நடந்து திரையை விட்டுப் போனார்கள்.

வெளியே கண்கூசும் வெயில். ஓர்ஸ் ஹில் வீடு வரும்வரை திலகவதி மச்சாளின் கையை இறுக்கிப் பிடித்தபடியே நடந்தாள். அந்தப் பிடி இரத்தினேஸ்வரியின் கைக்குத் தெரியவே இல்லை.