வார்னிஷ் அடித்த கட்டை

பழைய வேன் ஒன்றைத் தங்கிப் போகிற வீடாக மாற்றினார் செல்லக்கனி. கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, பெரிய தண்ணீர்த் தொட்டியும் வந்தது. மசாலா டப்பாக்களுக்குப் பலகைதான் இல்லை. சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற கட்டையை எடுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்து, அடுப்புக்கு மேலே அறைந்துவிட்டார்.

மலைப்பாதை ஓரம் வண்டியை நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, குடும்பத்தோடு உள்ளேயே படுத்துத் தூங்கினார். பின்னால் பள்ளம்.

ஹேண்ட்பிரேக் முனகியது. "கட்டையண்ணே, பாரம் கூடிப்போச்சு. தனியா என்னால தாங்க முடியல."

"அதுக்கு நான் என்னப்பா பண்ண?"

"உங்க ஆணி லூஸாத்தான் இருக்கு. தடால்னு விழுந்தீங்கன்னா அவரு முழிச்சிக்குவாரு."

"விழுந்தா வார்னிஷ் போயிடும். மறுபடியும் சேத்துல, சக்கரத்துக்கு அடியில போட்டுருவாங்க."

"அண்ணே, பிள்ளைங்க தூங்குது!"

"அதான் சொல்றேன், கத்தாதே."

பிரேக்கின் பல் ஒன்று நழுவியது. வேன் பள்ளத்தைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்தது. மஞ்சள்தூள் டப்பா மெல்லச் சாய்ந்தது.

"பாத்துப்பா," என்றது கட்டை, "என் மேல கொட்டுது."