புகைக்கூட்டுக்குள் வாப்பா

சிரிக்கிற கதைதான் இது. ஆனால் சிரிப்பு கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். அதற்கு முதல் ஸெய்னுதீன் முதலாளியின் பேக்கரிப் புகைக்கூடு துப்பரவாக வேண்டும். அதற்குத்தான் மனிதர் சம்மதிக்கவில்லையே.

"ஏலாது," என்றார் முதலாளி. "யுத்த காலத்தில வாப்பா மூட்டின நெருப்பு. இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள் அணையல்ல."

வாசலில் நின்ற கதிரவேல், நுவரெலியா பங்களாக்களில் பன்னிரண்டு வருடம் புகைக்கூடு துடைத்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவர். புகைக்கூட்டுச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்குக் கரி ஒரு சாண் மொத்தம் முதலாளி. குளிர் நாட்டில நான் கண்டனான். கரி பத்திக்கொண்டால் புகைக்கூடே அடுப்பு மாதிரி எரியும். கூரைக்கு மேல புகைக்கூட்டுக் கல்லொண்டும் கழண்டு விழுந்து கிடக்கு. அந்த ஓட்டையாலதான் பொறி பறக்குது. நெருப்பை அணைச்சு மூண்டு நாள் ஆறவிடுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்."

"காக்கா, எங்கட கூரை ஓலைக் கிடுகு," என்று முதலாளியைக் கெஞ்சினாள் பக்கத்து வீட்டு ரபீக்கா. "வெள்ளிக்கிழமை விழுந்த பொறியில ஒரு முழம் கருகிட்டு. வாளியில தண்ணி வச்சிக்கிட்டுத்தான் தைக்கிறன். வீட்டுக்குள்ள முழுக்க ஊராக்கள் தைக்கத் தந்த உடுப்பு."

"வாப்பா கபுறால எழும்பி வந்து சொல்லட்டும், அணைக்கிறன்."

அவ்வளவுதான். முதலாளி உள்ளே போய்விட்டார்.

"கல்லு நெஞ்சு," என்று ரபீக்கா முணுமுணுத்தாள். அவள் மகள் றம்லாவுக்கு மட்டும் முதலாளியின் கடைசிச் சொல் இனித்தது.

றம்லாவுக்குப் பதினாலு வயது. அவள் தொண்டைக்குள் ஊர் முழுக்கக் குடியிருந்தது. கிண்ணியாத் துறையில் தோணிக்கு ஆள் கூப்பிடுகிறவரின் இழுவை இருந்தது. கணக்கு டீச்சரின் மூக்குக் குரல் இருந்தது. மீன்காரர் குரலில் "சூடை, சூடை" என்று கூவி, உம்மாவைச் சட்டியோடு வாசலுக்கு ஓடிவர வைத்து, அதே சட்டியால் அடியும் வாங்கியிருக்கிறாள்.

முதலாளியின் வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போன காலத்தில் அவள் பிறக்கவேயில்லை. அதனாலென்ன? மகனின் குரலை எடுத்து, கொஞ்சம் தடிப்பாக்கி, நடுவில் இரண்டு இருமல் போட்டால் வாப்பாவின் குரல்.

பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு பாண் எல்லாம் கடைகளுக்குப் போய்விடும். வேலையாட்கள் சாப்பிடப் போவார்கள். முதலாளி தணலைச் சாம்பலால் மூடிவிட்டு, பாண் சுடும் போறணைக்கு முன்னால் கதிரையைப் போட்டுத் தனியே இருப்பார்.

றம்லா பேக்கரியோடு ஒட்டிய வேலியோர முருங்கை மரத்தில் தொற்றி ஏறினாள். கிளை மளுக்கென்று முறிந்தது. அதற்குள் பேக்கரிக் கூரையின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கல் விழுந்த ஓட்டைக்கு நேரே குனிந்தாள்.

"ஸெய்னுதீன்... மகனே..."

கீழே கதிரை கிறீச்சிட்டது.

"மூச்சு முட்டுது மகனே. இந்தப் புகைக்கூட்டைத் துப்பரவாக்கு."

அலறலும் இல்லை, ஓட்டமும் இல்லை. அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது. மறுநாள் காலையும் போறணை வழமைபோலப் புகைந்தது.

சிரிப்பு இன்னும் வரவில்லை பாருங்கள்.

ஆனால் விடுகிறவளா அவள்? படுத்தால் கருகின கிடுகு வழியாக வானம் தெரிந்தது. உம்மா எழும்பி எழும்பி வாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நெருப்பு அணையும் வரைக்கும் இறங்குவதில்லை என்று றம்லா முடிவு கட்டினாள்.

பின்னேரம் போனால், முருங்கையடியில் ஓர் ஏணி, கூரையோடு சாத்திக் கிடந்தது. கதிரவேலர் மறந்துவிட்டுப் போயிருப்பார். நல்லதாய்ப் போயிற்று.

"மகனே, நான் சொன்னது கேக்கல்லியா?"

கதிரை மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு, சின்னப் பிள்ளையின் குரல்போல் ஒரு குரல் கீழிருந்து வந்தது.

"கேக்குது வாப்பா. இன்னொருக்காக் கூப்பிடுங்க."

றம்லா முக்காட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிட்டாள். மூன்று தரம்.

அன்று பொழுதுபடுமுன் முதலாளி தணலை வெளியே வாரிக் கொட்டி அணைத்துவிட்டார். நாலு நாள் பாண் இல்லை. தெருவெல்லாம் ரொட்டி சுட்டது. கதிரவேல் கல்லுக் கட்டிய தும்பு உருண்டையைக் கயிற்றில் ஏற்றி இறக்கி, நாலு சாக்குக் கரி எடுத்தார். விழுந்த கல்லையும் வைத்துப் பூசினார்.

ஐந்தாம் நாள், முதல் சுட்ட பாணோடு முதலாளியே ரபீக்காவின் வீட்டுக்கு வந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். மனம் இரங்கினீங்களே காக்கா," என்றாள் ரபீக்கா.

"வாப்பா சொன்னார். அணைச்சன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். றம்லாவின் வாய் சும்மா இருக்குமா?

"எப்படிச் சொன்னார் மாமா? கோபமாவா?"

"கோபமில்ல மகள். நல்ல குரல். கொஞ்சம் இருமல்."

அவள் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டாள். "அவர்ர குரல்தான் எண்டு உடனே தெரிஞ்சுதா?"

"எப்படித் தெரியும்? முப்பது வருஷம் அவரோட இருந்தனான், ஒரு சொல் கேட்டதில்ல. வாப்பா பிறவியிலேயே வாய் பேசாதவர்."

றம்லாவின் தொண்டைக்குள் குடியிருந்த ஊர் முழுக்க வாயடைத்துப் போயிற்று.

"முதல் முதலா மகனே எண்டு கூப்பிட்டு ஒரு வேலை சொல்றார். தட்ட ஏலுமா?"

முதலாளி எழும்பிச் செருப்பை மாட்டினார். முறிந்த கிளையைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்.

"நான் வச்ச ஏணிய இன்னும் எடுக்கல்ல மகள். முருங்கை முறியிற மரம். வாப்பா திரும்பி வாறதெண்டா ஏணியால வரச் சொல்லு."