காணாமல் போன பன்னிரண்டு லிட்டர்

"டீசலைக் குடிக்கிறியா, விக்கிறியா? அதை மட்டும் சொல்லிடு" என்றார் நாற்காலி முதலாளி.

டிரைவர் பிக்கப் வண்டியின் பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

நாற்காலியும் மேஜையும் வாடகைக்கு விடுவது முதலாளியின் தொழில். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து, இரண்டு வரிசை சீட் வைத்த அந்த ஒரே வண்டிதான். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். டீசல் முள் படுத்து, சிவப்பு லைட் எரிந்தால்தான் பங்க். அப்போதும் இருபது லிட்டர்தான். லைட் எரியாத வண்டிக்கு டீசல் போடுவது ஏப்பம் விட்டவனுக்கு இன்னொரு தடவை இலை போடுவது மாதிரி என்பார்.

இருபது லிட்டருக்கு இருநூறு கிலோமீட்டர். ஆறு வருஷமாக அது மாறியதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, எண்பதாவது கிலோமீட்டரிலேயே லைட் எரிந்துவிட்டது.

மீதிப் பன்னிரண்டு லிட்டர் எங்கே?

முதலாளி துப்பறியக் கிளம்பினார். வண்டி நின்ற இடத்தில் மண்டியிட்டுத் தரையை மோந்து பார்த்தார். ஒழுகவில்லை. டிரைவரின் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தார். தண்ணீர்தான். ஒரு நாள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். இரண்டாவது சிக்னலில் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முதலாளி சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகவே இருந்தது. இருபதுக்கு இருநூறு. முதலாளிக்கு அதுதான் பெரிய சாட்சியாகப் பட்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் திருடுவதை நிறுத்திவிட்டான் பார் என்று மனைவியிடம் சொன்னார். அப்படிப் பார்த்தால் இந்தத் தெருவில் ஒருத்தருமே டீசல் திருடவில்லை, எல்லோரையும் பிடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள் அவள். மாடியிலிருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். அவள் புருஷன் கப்பலில் வேலை செய்கிறவன். கரைக்கு வர இன்னும் ஆறு வாரம்.

இன்று காலை வண்டி மறுபடியும் லைட்டோடு வந்து நின்றது. சரியாக இருநூறு ஓடித்தான் எரிந்திருந்தது; ஆனாலும் லைட்டைப் பார்த்ததும் பழைய பன்னிரண்டு ஞாபகம் வந்து முதலாளி பொறுமை இழந்தார். சாவியை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

டிரைவர் சாவியை நீட்டினான். பிறகு தயங்கி, "ஒரே ஒரு மாசம் பொறுத்துக்குங்க முதலாளி. அப்புறம் நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான்.

"எதுக்கு? ஒரு மாசத்துல டேங்கையும் வித்துடலாம்னா?"

அதற்குள் மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்களாம். ஆஸ்பத்திரி இருபத்தைந்து கிலோமீட்டர்.

மகளைத் தாங்கிப் பிடித்துப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். முதலாளி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சாவித் துவாரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சாவியைக் குத்திப் பார்த்தார். டிரைவர் அவரை மெல்ல அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான்.

நாற்காலிகளை இறக்க நேரமில்லை. நூற்றிருபது நாற்காலிகளும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கைதட்டிக்கொண்டே கூட வந்தன.

முதல் பங்க் வந்தது. முதலாளி கையைக் காட்டினார். டிரைவர் நிறுத்தவில்லை. இரண்டாவது பங்கிலும் நிறுத்தவில்லை. லைட் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்த லைட்டை, முதலாளி இப்போது அணைந்துவிடு, அணைந்துவிடு என்று கெஞ்சாத குறையாகப் பார்த்தார். ஊரில் உள்ள தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். பின்னால் மகள் பல்லைக் கடித்தபடி, தெய்வத்தை அப்புறம் கூப்பிடலாம், முதலில் கதவுக் கண்ணாடியை இறக்குங்கள் அப்பா என்றாள்.

கடைசி பங்க்கும் பின்னால் போனது.

"நடு ரோட்டுல வண்டி நின்னா என்னடா பண்ணுவே?"

"நிக்காது முதலாளி. டேங்குல பன்னிரண்டு லிட்டர் இருக்கு."

"எந்தப் பன்னிரண்டு?"

"நீங்க தேடின அதே பன்னிரண்டுதான். போன சர்வீஸுக்கு டேங்கைக் கழட்டினாங்கல்ல, அப்ப உள்ள இருக்கற மிதவையோட கம்பியை நான்தான் கொஞ்சம் வளைச்சு விட்டேன். பன்னிரண்டு இருக்கறப்பவே முள் படுத்துடும், லைட்டும் எரிஞ்சுடும்."

முதலாளி எட்டி, படுத்துக் கிடந்த முள்ளை விரலால் தட்டிப் பார்த்தார். பின்னால் நாற்காலிகள் மறுபடியும் கைதட்டின.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அந்தப் பன்னிரண்டையும் ஓட்டித் தீர்த்திருப்பீங்க" என்றான் டிரைவர், ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டே. "நீங்க லைட் எரிஞ்சாத்தான் டீசல் போடுவீங்க. குழந்தை என்ன, லைட் போட்டுக் காட்டிட்டா வரும்?"