புள்ளி நின்ற தெரு

"அதை அணைச்சிருங்கண்ணே. ஒரு கால் மணி நேரம் போதும்."

போனில் காசிமாயன். குரலை அடக்கிப் பேசினான். திருவிழா நடக்கிற ஊர், பக்கத்தில் கொட்டுச் சத்தமே இல்லை; தூரத்தில் மைக் பாட்டு மட்டும்.

ஸ்ரீனிவாஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி காலனிக்குள் நின்றது.

புள்ளி என்றால் சாமி. உசிலம்பட்டிப் பக்கம் காசிமாயன் ஊர்ச் சாமி. சப்பரத்துக்கு அடியில், அவசரத்துக்குக் கழற்ற முடியாதபடி, ஒரு பெட்டி கட்டியிருந்தது. அது தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். மதுரையில் ஸ்ரீனிவாஸ் வீட்டு மொட்டை மாடி ஏரியல் அதைப் பிடிக்கும், கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் ஏற்றும். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இதுதான் பொழுதுபோக்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சாமி எந்தத் தெருவில் வருகிறது என்று அங்கிருந்தே பார்த்துக் கும்பிடலாம்.

கேட்டு வாங்கிப் போனதே காசிமாயன்தான். திருவிழாக் கமிட்டித் தலைவன். கப்பலூரில் இருவருக்கும் ஒரே கம்பெனி.

சாமி எல்லாத் தெருவுக்கும் போகுமா என்று அன்றைக்கே ஸ்ரீனிவாஸ் கேட்டிருந்தார். தலித்துகள் இருக்கும் காலனிக்குப் போகாது, அது வழக்கமில்லை என்று காசிமாயன் தரையைப் பார்த்துச் சொல்லியிருந்தான்.

இப்போது போயிருக்கிறது.

"ஏன் காசி, சாமி காலனியில நிக்கிறது சிங்கப்பூருக்குத் தெரியக் கூடாதாக்கும்?"

"ஆமாண்ணே."

கூச்சமே இல்லாமல் சொன்னான். வைத்துவிட்டான்.

ஸ்ரீனிவாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி ஸ்ரீலட்சுமியிடம் சௌராஷ்டிர மொழியில் பொரிந்து தள்ளினார். சாமியே போயிட்டாரு, அதை மறைக்கணுமாம், இவனெல்லாம் ஒரு தலைவன் என்றார். அவங்க ஊர் விஷயம், ஒரு ஸ்விட்ச்தானே, அணைச்சிட்டுச் சாப்பிட வாங்க என்றாள் அவள்.

அவர் நாற்காலியை ஸ்விட்சுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ரேடியோவில் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு, மேப்பைப் பாருங்கள், ஒரு புரட்சி நடக்கிறது என்றார். போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

புள்ளி இரண்டு வீடு நகர்ந்தது. நின்றது. பிறகு வந்த வழியே விறுவிறுவென்று ஊர்ப் பொதுத்திடலான மந்தைக்குத் திரும்பியது. பூஜை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டார்.

லீவு முடிந்து காசிமாயன் நெற்றியில் கட்டோடு வேலைக்கு வந்தான்.

"என்னப்பா இது?"

"சப்பரத்தை மறிச்சுட்டாங்கண்ணே. எங்க பெரியப்பா மகன் சிங்கப்பூர்ல இருந்து புள்ளியைப் பாத்துட்டு ஊருக்குப் போன் போட்டுட்டான்."



ஊரே மந்தையில் பாட்டுக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்ததாம். அந்த நேரமாகப் பார்த்து இவனும் நாலு பயல்களும் கொட்டு இல்லாமல், வேட்டு இல்லாமல் சாமியைக் காலனிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

"எப்படியும் ஊருக்குத் தெரிஞ்சிருமே, காசி."

"முடிஞ்ச பெறகு தெரிஞ்சா என்னண்ணே பண்ணுவாக? போன சாமி போனதுதான். கடைசி வீடு வரைக்கும் போயிட்டு வந்துட்டா அடுத்த வருசம் அதுதான் வழக்கம். பாதியில திருப்பிட்டாங்க. இனி மந்தையத் தாண்ட விட மாட்டாக. கடைசி வீட்டு ராமக்காள் தேங்காயோட வாசல்ல நின்னுக்கிட்டே இருந்துச்சு."

கட்டைத் தடவிக்கொண்டான். கோபமாகக்கூட இல்லை.

"கச்சேரி மைக் சத்தம் வேற. நான் அணைக்கச் சொன்னது உங்களுக்குச் சரியாக் கேக்கலையாண்ணே?"

நன்றாகவே கேட்டது. அணைக்கத்தான் இல்லை.