கூட்டியே குடுங்க மிஸ்ஸி

"அங்கிள், மருந்த ஒழுங்கா சாப்பிடுறீங்களா, இல்லையா?"

"சாப்பிடுறேன் மிஸ்ஸி," என்றார் அந்தோணிதாஸ். செமிலிங் பக்கம் ரப்பர்த் தோட்டத்து மனிதர்.

"அப்புறம் ஏன் சீனி ஏறிக்கிட்டே போகுது? பொய் சொல்லாதீங்க லா!"

அவர் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் தாதி செரீனா இப்படித்தான் பிடித்து ஏசுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். டாக்டர் வேறு வழியில்லாமல் மாத்திரையைக் கூட்டி எழுதினால் மட்டும் அந்த முகம் மலர்ந்துவிடும்.

"கூட்டியே குடுங்க மிஸ்ஸி. சந்தோசம்."

மாத்திரையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிற பிடிவாதக்காரர் என்று செரீனா முடிவு கட்டியிருந்தாள்.

அடுத்த முறை அவர் வரவில்லை. அவர் மனைவி லூசியா வந்திருந்தார், கையில் மாத்திரைப் பையோடு.

"அவரு தவறிட்டாரு மிஸ்ஸி. சீனி ஏறி மயங்கி விழுந்தவரு, எந்திரிக்கவே இல்ல."

செரீனாவுக்கு வருத்தத்தை மீறிக் கோபம்தான் வந்தது. "நான் எத்தன தடவ சொன்னேன்! மருந்த ஒழுங்கா சாப்பிட்டிருந்தா..."

"சாப்பிட்டாரு மிஸ்ஸி. பாதி அவரு, பாதி நானு. எனக்கும் இனிப்பு நீர்தான். பொறப்புப் பத்திரம் இல்லாம எனக்கு ஐசியே, அடையாள அட்டையே கெடைக்கல. ஐசி இல்லாம இங்க வர பயம். சொன்னா இருக்கிற மருந்தையும் நிறுத்திருவாங்கன்னு அவரு வாயே தெறக்கல."

மருந்தைப் பற்றி அத்தனை கேட்ட செரீனா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

லூசியா பையை நீட்டினார்.

"அவரு பங்கு மிச்சம் கெடக்கு மிஸ்ஸி. இனி அதையும் நானே சாப்பிடலாமா?"