குவித்து அளந்த படி

இரண்டு வருடமாக மழை பொய்த்த காட்டில் பொதுக் களஞ்சியத்துக்கு அதிகாரி பெருச்சாளி. அவரவர் போட்டுவைத்த கம்பு அங்கே இருந்தது. ஒருநாள் காலையில், "களஞ்சியம் காலி!" என்று காகம் கத்தியது. அவ்வளவுதான், காடே கோணியோடு வாசலில் வந்து நின்றது.

"எல்லாருக்கும் அளந்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். கதவைச் சாத்திவிடலாம் ஐயா!" என்று காவல்கார உடும்பு பதறியது.

"சாத்தினால் காகம் சொன்னது மெய்யாகிவிடும். நாலு கதவையும் திற" என்றது பெருச்சாளி.

முதலில் நின்றது முயல். பெருச்சாளி தானே படியை எடுத்தது. தலைதட்டி அளப்பதுதான் அங்கே வழக்கம். அன்று கோபுரமாகக் குவித்து அளந்தது.

"இன்னும் எத்தனை படி போடட்டும், முயலம்மா?"

முயல் குவியலைப் பார்த்தது. பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு இருக்கிறதா! வீட்டில் வைத்தால் எலி தின்றுவிடும். நீங்களே வைத்திருங்கள் ஐயா" என்று முயல் கோணியைச் சுருட்டியது. வரிசை கலைந்தது.

சாயங்காலம் காகம் வந்தது. கூட்டில் ஒளித்திருந்த கம்பையெல்லாம் கொட்டி, "இதையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றது.

பெருச்சாளி படியை எடுத்து, வழக்கம்போலத் தலைதட்டி அளந்து வாங்கிக்கொண்டது.